ஷார்ஷென் கழற்றிக் கொடுத்த தொப்பி

ஒதுங்குவதற்கு ஒரு பாறை கிடைத்ததே பெரிய பாக்கியம் என்றுதான் திலெக் வாத்தியார் நினைத்தார். ஆனால் பாறை கிடைப்பதற்கு ஒரு நொடி முன்பே வயிறு தன் வேலையைக் காட்டிவிட்டது.

மலைப் பந்தயத்தில் இன்னும் ஆற்றுப் பாலம்கூட வரவில்லை. பாலத்துக்கு அப்புறம் தேநீர்ச் சாவடி, அதற்கப்புறம் கணவாய், கணவாய்க்கு அந்தப் பக்கம் குதிரைகள் மேயும் வெளி, கடைசியில் இசிக்-குல் ஏரிக்கரையில் முடிவுக்கோடு. மற்றவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். வழக்கம்போல் வாத்தியார்தான் கடைசி. வழக்கம்போல் வயிறுதான் காரணம்.

மூன்று வருஷமாக இதே கதை. முதல் வருஷம் வேகவைத்த உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டு ஓடி, பாதிப் பந்தயம் புதருக்குள்ளேயே கழிந்தது. அடுத்த வருஷம் ஒன்றுமே சாப்பிடாமல் ஓடி, கணவாயில் மயங்கி விழுந்தார். போன வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவரைக் கழுதைமேல் குப்புறப் போட்டு ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அவரிடம் புவியியல் படிக்கும் பிள்ளைகள், அவர் வரைபடத்தின் பக்கம் திரும்பினால் போதும், இன்றைக்கும் கழுதை மாதிரி கத்துகிறார்கள்.

இந்த வருஷம் மனைவியின் சித்தி மகன் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு வெள்ளிப் பொட்டலம் அனுப்பியிருந்தான். உள்ளே பசை மாதிரி ஏதோ இனிப்பு. "இதை உறிஞ்சினா குதிரை மாதிரி ஓடலாம் அத்தான்" என்று தொலைபேசியில் சொன்னான். வாத்தியார் உறிஞ்சினார். குதிரை ஓடத்தான் செய்தது, அவர் வயிற்றுக்குள்.

புறப்படும்போது மனைவி அனாரா ரொட்டி சுடும் தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விரலை ஆட்டினாள். "இந்த வருஷமும் தொப்பி இல்லாம வந்தீங்க, அந்த ஷூ ரெண்டும் இதுக்குள்ள போயிடும். ஊர்ல தலைகாட்ட முடியல என்னால."

"வருவேன், தொப்பியோட வருவேன்."

"எங்க, அந்தப் பந்தய எண் துணியைக் குடுங்க. ஐயோ, சட்டையில குத்தாதீங்க! புதுச்சட்டையில ஓட்டை விழும். டவுசர் பழசுதானே, அதுல குத்தறேன்."

எழுபத்து மூன்று என்ற எண் கால்சட்டைக்குப் போனது இப்படித்தான்.

தொப்பி என்றால் வெள்ளைக் கம்பளித் தொப்பி. பந்தயத்தை நடத்தும் ஷார்ஷென் கிழவர் விசில் ஊதுவதற்குள் கோட்டைத் தாண்டுகிறவனுக்கு அவர் கையால் அதைத் தலையில் வைப்பார். விசில் ஊதிவிட்டால் ஊதியதுதான், காலில் விழுந்தாலும் நடக்காது. எண் இல்லாமல் வருகிறவனுக்கும் கிடையாது. காது கிழிந்த ஒரு சாம்பல்நிறக் குதிரையில் பாதை நெடுக மேலும் கீழும் போய், பின்தங்குகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவது அவருடைய வழக்கம். அந்தக் குதிரையைத் தன் மகனைக்கூட அவர் தொட விட்டதில்லை.

வாத்தியார் கால்சட்டையைக் கழற்றி ஆற்றில் அலசினார். பனி உருகி வரும் தண்ணீர், விரல்கள் மரத்துப்போயின. மரத்துப்போன விரல்களுக்கு எதைப் பிடித்திருக்கிறோம் என்பது தெரியாது. எழுபத்து மூன்று ஒரு முறை அலைமேல் புரண்டு முகம் காட்டிவிட்டு, வளைவில் திரும்பிப் பாலத்துப் பக்கம் போய்விட்டது.

"என் எண்!" என்றார் வாத்தியார். கால்சட்டை போனதைவிட அதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. மலையிலிருந்து கம்பளம் சுருட்டி விட்டாற்போல் உருண்டு வந்து ஆற்றை மூடியது, பாறையை மூடியது. தன் முழங்கால் தனக்கே மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் அடங்கி ஆற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சியபோது, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"திலே...க்!"

வாத்தியார் பதில் சொல்ல வாயைத் திறக்கப்போய், சட்டென்று மூடிக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில் தவழுகிற குழந்தைக்குக்கூடச் சொல்லி வைத்திருப்பார்கள்: ஆற்றங்கரையில் ஆள் தெரியாமல் உன் பெயரை யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாதே. தண்ணீருக்குள் மஞ்சள் முடிக்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பதில் சொன்னால் நுரையீரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். புவியியல் வாத்தியாருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மூடுபனியில் கால்சட்டை இல்லாமல் நிற்கும் மனிதனுக்கு எல்லா நம்பிக்கையும் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

"திலெக்! திலெ...க்!"

இப்போது இரண்டு மூன்று குரல்கள். ஒன்று அழுவதுபோல் இருந்தது. வாத்தியார் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு பாறையோடு ஒட்டிக்கொண்டார். குரல்கள் ஆற்றோடு கீழே நகர்ந்து தேய்ந்தன. அப்புறம் ஒரு குதிரை வெறி பிடித்ததுபோல் பாய்ந்து போகும் சத்தம். அதுவும் நின்றது.

நெடுநேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். புதுச்சட்டையைக் கழற்றி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வெறும் மார்போடு ஓட ஆரம்பித்தார்.

பாலத்தில் யாரும் இல்லை. வழக்கமாகக் கொடியோடு நிற்கும் காவலாளைக் காணோம். கொடி மட்டும் பலகைமேல் விழுந்து நனைந்து கிடந்தது.

தேநீர்ச் சாவடியிலும் யாரும் இல்லை. சமோவாரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி வைத்திருந்தது, யாரும் வாய்வைத்த அடையாளமே இல்லை. கடித்த ரொட்டித்துண்டு ஒன்று தரையில் கிடந்தது. அந்த ஊரில் ரொட்டியைத் தரையில் போட்டுவிட்டு எவனும் போகமாட்டான். கொலை செய்துவிட்டு ஓடுகிறவன்கூட அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் ஓடுவான்.

"யாராவது இருக்கீங்களா?"

சமோவார்தான் புஸ்ஸென்று பதில் சொன்னது.

வாத்தியார் ரொட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அந்த மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். தன் இடுப்பையும் பார்த்தார். பந்தயம் முடிந்ததும் துவைத்துக் கொடுத்துவிடலாம் என்று மனசாட்சிக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத் துணியை உருவினார். இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியும் நீளம் மிச்சமிருந்தது. குளிருக்கு அடக்கமாக அதைத் தோள்மேல் போட்டுத் தலையையும் மூடிக்கொண்டார்.

உப்புப் போட்டால் வயிறு கட்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம். அங்கே கிடந்த உப்புத் தயிர்க்கட்டிகளில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அது தாகத்தைக் கிளப்பியது. தாகத்துக்கு வெண்ணெய் மிதக்கும் தேநீர் இரண்டு கிண்ணம் குடித்தார். மிச்சத்தை ஒரு புட்டியில் ஊற்றிக்கொண்டார். வெண்ணெய்க்கும் அந்த வெள்ளிப் பொட்டலத்துப் பசைக்கும் ஏற்கெனவே பகை இருந்திருக்கவேண்டும். கணவாய்க்கு ஏறும் வழி முழுக்க அவை இரண்டும் உள்ளே கட்டிப் புரண்டன. நாலு அடி ஓட்டம், ஒரு ஒதுங்கல், மறுபடி நாலு அடி. ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் வாத்தியார் காதைத் தீட்டிக் கேட்டார். முன்னாலும் சத்தமில்லை, பின்னாலும் சத்தமில்லை. இத்தனை பேர் ஓடும் பந்தயத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

"ஐயோ... அம்மா... ஐயோ..." என்று முனகிக்கொண்டே கணவாயின் உச்சிக்கு வந்தார்.

அங்கே கற்குவியலுக்குப் பக்கத்தில் ஷார்ஷென் கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா!" என்றார் வாத்தியார். ஒரு மனித முகத்தைப் பார்த்ததில் அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

ஷார்ஷென் எழுந்தார். கால் மடங்கி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது.

"திலெக்கா? நீயாப்பா?"

"நான்தான். கடைசியா வந்தாலும் வந்துட்டேன்ல?"

"வந்துட்டியேப்பா... வந்துட்டியே."

வாத்தியாருக்கு என்னவோ போல் இருந்தது. ஆமைக்குப் பிறந்தவனே, அம்மிக்கல்லே என்றெல்லாம்தான் ஷார்ஷென் அவரைக் கூப்பிடுவார். வாயிலிருந்து 'அப்பா' வந்து கேட்டதேயில்லை.

"குதிரை எங்க பெரியப்பா?"

"குடுத்தனுப்பிட்டேன். சேதி சொல்லணும்ல." கிழவரின் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "ஏம்ப்பா, தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்துச்சா?"

தான் ஆற்றில் இறங்கி அலசியது இவருக்கு எப்படித் தெரியும்? வாத்தியார் திகைத்தார். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமே.

"பனித்தண்ணி இல்லையா? உயிரே போயிடுச்சு பெரியப்பா."

ஷார்ஷெனின் தாடி நடுங்கியது. "வலிச்சுதா?"

"வலிச்சுதாவா? இன்னும்தான் வலிக்குது. வயித்துக்குள்ள பிசையுது. இந்தாங்க, நீங்க கொஞ்சம் டீ குடிங்க, நடுங்கறீங்களே."

வாத்தியார் புட்டியை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். கிழவர் இரண்டடி பின்னால் போனார்.

"வேண்டாம்ப்பா. இப்ப வேண்டாம். பின்னாடி பார்த்துக்கலாம்."

"சரி, டீயை விடுங்க. ஒரு உதவி. எண் ஆத்தோட போயிடுச்சு. ஆனா தொப்பி இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது."

"வீட்டுக்கா?" கிழவர் அலறியேவிட்டார். "வீட்டுக்கெல்லாம் போகாதேப்பா! அந்தப் பொண்ணு அனாரா தாங்கமாட்டா."

"அதைத்தானே நானும் சொல்றேன்? வெறுங்கையோட போனா தாங்கமாட்டா."

ஷார்ஷென் தலைக்குக் கை கொண்டுபோனார். தன் தொப்பியைக் கழற்றினார். வியர்வைக் கறை படிந்த, ஓரம் கறுத்த அந்தப் பழைய கம்பளித் தொப்பியைக் கற்குவியல்மேல் வைத்துவிட்டு விலகி நின்றார். வெறுந்தலை பனியில் பளபளத்தது.

"எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு நிம்மதியாப் போ. என்னை மன்னிச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. போன வருஷம் உன்னைக் கழுதையில போட்டுக் கொண்டாந்தப்ப நான்தான் முதல்ல சிரிச்சேன்."

"அட, அதுக்கென்ன பெரியப்பா. மன்னிச்சேன்."

"நேராப் போயிடு. திரும்பிப் பார்க்காதே."

வாத்தியார் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். பத்துத் தப்படி போனதும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததால் திரும்பினார். கற்குவியல் இருந்தது. கிழவர் இல்லை. முழங்கால் வலி என்று வருஷம் முழுக்கப் புலம்புகிற மனிதர் அத்தனை சீக்கிரம் எங்கே மறைய முடியும்?

ஏதோ சரியில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்போதே அது அவர் மனதில் உறுத்தியது. அந்த நாட்டில் ஒருவன் குதிரையைக் கொடுப்பான், கூடாரத்தைக்கூடக் கொடுப்பான். உயிரோடு இருக்கிறவன் தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி இன்னொருவனுக்குக் கொடுக்கமாட்டான். அது இனித் தேவைப்படாதவர்கள் செய்கிற காரியம்.

மேய்ச்சல் வெளியில் பனிக்குள் ஒரு கூடாரம் தெரிந்தது. வாசலில் நாரின் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து கோடைக்கு மட்டும் வந்து தங்கியிருக்கிற ஒருத்தி, தோல்பையில் புளித்த குதிரைப்பாலைக் கடைந்துகொண்டிருந்தாள். பனியை விலக்கிக்கொண்டு வந்த உருவத்தைப் பார்த்ததும் கடைகோலை ஓங்கினாள்.

"யாருய்யா அது? நில்லு அங்கயே!"

"பயப்படாதீங்க அக்கா. பந்தயக்காரன்தான். துணி ஆத்தோட போயிடுச்சு."

அவள் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மேசைத்துணியக் கட்டிக்கிட்டு ஓடறவனை இன்னிக்குத்தான் பார்க்கறேன். தட்டு, கரண்டி எல்லாம் எங்க?"

"வயித்துக்கு ஏதாவது இருக்கா அக்கா? கட்டறதுக்கு?"

"கட்டறதுக்கா, கழுவறதுக்கா? என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு." அவள் ஒரு பெரிய கிண்ணம் நிறைய நுரைக்க நுரைக்க நீட்டினாள். "வாசல் வரைக்கும் வந்துட்டு வேண்டாம்னு சொல்லிடாதே. மிச்சமும் வைக்காதே. என் குதிரைக்கு ஆகாது."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். அது இறங்கும்போதே உள்ளே வெண்ணெயும் பசையும் எழுந்து வரவேற்பதை உணர்ந்தார்.

"ஆமா, நீ ஏன் ஓடறே?" என்று கேட்டாள் அவள். "மத்தவங்க எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்துல்ல போறாங்க? உனக்குச் சேதி தெரியாதா?"

"என்ன சேதி?"

"சாவு. குதிரையில ஒருத்தன் சொல்லிட்டுப் பறந்தான். கீழ ஏரிக்கரைக் கூடாரத்துல ஒப்பாரியே ஆரம்பிச்சிருப்பாங்க."

"யாரு போனது?"

"பேரு சொன்னான். நான் நாரின்காரி, எனக்கு இங்க யாரைத் தெரியும்? பந்தயத்து ஆளாம். வருஷா வருஷம் விடாம வருவாராம். நல்ல மனுஷன்னு அந்தப் பையன் அழுதான்."

வாத்தியார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவன் வந்த குதிரை... என்ன நிறம்?"

"சாம்பல். ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு."

"அது மேல ஒரு கிழவர் இருந்தாரா?"

"கிழவராவது? சின்னப் பையன். ஏய், என்ன உனக்கு மூஞ்சி இப்படி வெளுக்குது?"

வாத்தியார் மெதுவாகக் கையைத் தூக்கித் தலையைத் தொட்டார். தொப்பி இருந்தது. கம்பளிக்கு உள்ளே இன்னும் இளஞ்சூடு இருப்பதுபோல் பட்டது. அதற்கப்புறம் அவர் அந்தப் பெண்ணிடம் விடைபெற்றுக்கொண்டாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை.

ஷார்ஷென் இறந்துவிட்டார். அப்படியானால் கணவாயில் உட்கார்ந்திருந்தது யார்? தண்ணீர் சில்லென்று இருந்ததா என்று கேட்டது யார்? தேநீரை வாங்காதது, கிட்டே வந்தால் பின்வாங்கியது, மன்னிப்புக் கேட்டது, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் முதுகில் உட்கார்ந்துகொண்டன. செத்தவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடப் பயமாக இருந்தது. தூக்கிப் போடவும் முடியாது, தொப்பியைத் தரையில் போடுவது செத்தவர் முகத்தில் அறைவதுபோல். கடைசியில் அதைக் கழற்றி, கையை முழுதாக நீட்டி, பிடிக்காத உறவுக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அப்படி ஓடியதில் ஒரு நன்மை இருந்தது. தன்னைக் கவனிக்க ஆளில்லை என்று தெரிந்து, வயிறு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. வாழ்நாளில் அவர் அப்படி ஓடியதில்லை.

ஏரிக்கு இறங்கும் சரிவில் பனிக்குள் முதுகுகள் தெரிந்தன. வரிசையாகப் பந்தயக்காரர்கள். யாரும் பேசவில்லை. எல்லோரும் குனிந்த தலையோடு, பால்காரி சொன்னதுபோலவே, சவத்துக்குப் பின்னால் போகிறவர்கள்போல் நடந்துகொண்டிருந்தார்கள். கிழவர் எத்தனை திட்டியிருந்தாலும் இவர்களுக்கும் அவர்மேல் பாசம் இருந்திருக்கிறது.

"நில்லுங்கப்பா!" என்று கத்தினார். "நானும் வரேன்!"

கடைசியில் நடந்தவன் திரும்பிப் பார்த்தான். அவன் என்னவோ கத்தினான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி அத்தனை பேரும் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தார்கள்.

'ஓகோ!' என்று நினைத்தார் வாத்தியார். 'துக்கம் துக்கமாக இருந்தாலும், கடைசி ஆள் நெருங்கிவிட்டான் என்றால் போட்டி வந்துவிடுகிறது இவர்களுக்கு!'

அவர் துணியைத் தொடைக்குமேல் தூக்கிக்கொண்டு துரத்தினார். ஒருவன் ஷூவை விட்டுவிட்டு ஓடினான். இன்னொருவன் வழிதவறி முள்ளுக்குள் பாய்ந்தான். வருஷா வருஷம் பரிசு வாங்கும் ஒரு வாலிபன் பிரார்த்தனை சொல்லிக்கொண்டே ஓடியதை வாத்தியார் காதால் கேட்டார். இவ்வளவு பக்தி உள்ளவனா என்று அவருக்கு மரியாதை வந்தது. அவனையும் தாண்டி வந்துவிட்டார்.

முடிவுக்கோடு வந்தது. இரண்டு கம்பு, நடுவில் ஒரு நாடா. அந்த நாடாவை அவர் நெஞ்சால் முட்டினார்.

விசில் ஊதவில்லை. விசில் ஊதாதவரை பந்தயம் முடியவில்லை. ஆகவே திலெக் வாத்தியார் நேரத்துக்குள் வந்துவிட்டார். நாலு வருஷ ஆசை. ஆனால் கைதட்ட ஒரு ஆளில்லை. தலையில் தொப்பி வைக்கவேண்டிய மனிதர் செத்துப்போனார். வாத்தியார் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தனியாக நின்றார். மேசைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளிப் பெரிய கூடாரம் ஒன்று இருந்தது. பரிசளிப்பு விருந்துக்காகக் காலையிலேயே போட்டது. இப்போது அதற்குள்ளிருந்து பெண்களின் ஒப்பாரி கேட்டது. வெளியே ஆண்கள் வரிசையாகக் கம்பை ஊன்றி, குனிந்து, தரையைப் பார்த்தபடி நின்றார்கள். பக்கத்தில் விருந்து அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

தொப்பியை உரியவரின் தலைமாட்டில் சேர்த்துவிடவேண்டும் என்று வாத்தியார் முடிவு செய்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்க முடியாது. அவர் கூடாரத்தை நோக்கி அடி எடுத்து வைத்தபோது, அதுவரை சும்மா இருந்த குதிரைப்பால் விழித்துக்கொண்டது.

"ஐயோ!" என்றார் வாத்தியார். வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, "ஐயோ! ஐயோ! ஐயோ!" என்று அலறியபடி கூடாரத்தை நோக்கி ஓடினார்.

அங்கே துக்கத்துக்கு வருகிற ஆண்கள் அப்படித்தான் வருவார்கள். தூரத்திலேயே குரல் எடுத்து, இடுப்பை வளைத்து, அலறிக்கொண்டே ஓடிவரவேண்டும். வாசலில் நிற்கிறவர்கள் தலைநிமிராமல் பதிலுக்கு அலறவேண்டும். தூரத்து உறவு எது, பக்கத்து உறவு எது என்று அந்த நேரத்தில் யாரும் முகம் பார்ப்பதில்லை. வரிசை முழுக்க "ஐயோ!" என்று பதில் குரல் கொடுத்தது. முதல் ஆள் அவரைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்தான். பார்த்தால் மைத்துனன் மெலிஸ்! மேய்ச்சல் தகராறில் ஷார்ஷெனோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன். சாவு வந்தால் பகையெல்லாம் போய்விடுகிறது பார் என்று வாத்தியாருக்கு உருகிவிட்டது.

"போயிட்டாரே!" என்றார், அழுது கம்மிப்போன குரலில்.

"போயிட்டாரே அண்ணே!" என்றான் மெலிஸ், நிமிராமல்.

"நல்ல மனுஷன்!"

"நல்ல மனுஷன்தான் அண்ணே. வயிறுதான் சரியில்ல."

"அவருக்குமா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

உள்ளே ஒரு குரல் மற்றக் குரல்களுக்கு மேலே எழுந்தது. "ஒரு வாய் சோறு உன் வயித்துல தங்கலையே! அடுப்புல போடுவேன்னு சொன்ன வாய் வேகாதா!" அனாராவின் குரல் மாதிரி இருந்தது. யார் வீட்டுச் சாவு என்றாலும் முன்னால் போய் உட்கார்ந்து அழுகிறவள் அவள். இந்தக் கூட்டத்திலும் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று வாத்தியாருக்குப் பெருமையாக இருந்தது.

"தம்பி, வழிவிடு. நான் உள்ள போகணும். இந்தத் தொப்பியை ஷார்ஷென் பெரியப்பா தலைமாட்டுல வைக்கணும்."

"ஷார்ஷெனா?" மெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டானே தவிர, தலையைத் தூக்கவில்லை. "அந்தக் கிழவருக்கு என்ன கேடு? குறுக்குவழியில வெறுந்தலையோட ஓடிவந்து, கணவாயில பேயைப் பார்த்தேன்னு உளறிக்கிட்டு, அதோ அண்டாவுக்குப் பின்னாடி போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டு இருக்காரு."

வாத்தியார் அண்டாவுக்குப் பின்னால் பார்த்தார். போர்வைக்கு வெளியே ஒரு வெறுந்தலை தெரிந்தது. கழுத்தில் விசில் தொங்கியது.

"அப்போ... இந்தச் சாவு யாருக்கு?"

மெலிஸ் அவர் தோளிலேயே மூக்கைச் சிந்தினான். "தூரத்துலேருந்து வர்றீங்களா அண்ணே, விவரம் தெரியாதா? எங்க அத்தான் திலெக் வாத்தியாரு காலைல ஆத்தோட போயிட்டாரு. ஆள் கிடைக்கல, எழுபத்து மூணு குத்தின டவுசர் மட்டும்தான் பாலத்துல சிக்குச்சு. பந்தயத் தொப்பியை அதுக்கே வச்சு உள்ள கிடத்தியிருக்கோம், ஒரு கும்பிடு போட்டுட்டு வந்து சாப்பிட உட்காருங்க."